எல்லவில் கை நனைத்தோம்

மண்சட்டியின் மேல் மண்மூடி உட்காரும்போது வருகிற சத்தம் ஊரைக் கூட்டாது. ‘டொக்’ என்று ஒரே சொல். போன வாரம் திருச்சியில், எங்கள் வீட்டு மீன்குழம்புச் சட்டியை மூடும்போது அந்தச் சொல் கேட்டது. கை அப்படியே நின்றுவிட்டது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, என் சமையலறைக்குள் மட்டும் எல்ல என்கிற மலையூரின் மழை இறங்க ஆரம்பித்தது. வரிசையாகச் சட்டிகள், சிரட்டை அகப்பைகள், அந்தப் பக்கம் நின்று ஒவ்வொரு மூடியாகச் சத்தமில்லாமல் சாத்த முயன்று தோற்றுக்கொண்டிருந்த பாக்கியம். எரியும் அடுப்பை அணைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

இலங்கைக்கு நான் போனது கவிதை வாசிக்க. பதுளையில் சந்திரா டீச்சர் என்று எனக்கொரு தோழி. பல வருடங்களாகக் கடிதம், பிறகு வாட்ஸ்அப். “வந்து வாசி, இங்க நாங்க பத்துப் பேர் இருக்கோம் கேக்க” என்றாள். போனேன். பத்துப் பேர் இருந்தார்கள்தான். ஆனால் தகரக் கூரை. நான் வாயைத் திறந்ததும் மழையும் திறந்தது. கடைசிவரை இரண்டு பேரும் போட்டி போட்டு வாசித்தோம். முடிந்ததும் சந்திராவின் அண்ணன் முத்தையா என்னிடம் வந்து மிகுந்த மரியாதையோடு சொன்னார்: “நல்லா இருந்துச்சு தங்கச்சி. மழைக்கும் நல்ல கொரல்.”

முத்தையா அண்ணன் பதுளைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, தடித்த கண்ணாடி, பேசுவதற்கு முன் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்கிற வழக்கம். கடைத்தெருவில் எல்லோரும் அவரை முதலாளி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவருக்கும் அது பிடித்திருக்கிறது.

முதல் நாள் காலை கடைத்தெருவை நான் தனியாகச் சுற்றினேன். முஸ்லிம் அண்ணன்களை அங்கே நானா என்கிறார்கள்; அப்படி ஒரு நானாவின் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து தேநீர் கேட்டேன். தேநீரோடு ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், வடை, முக்கோணமாய் மடித்த ரொட்டி எல்லாம் கொண்டுவந்து வைத்தார்கள். வந்த ஊரில் உபசாரத்தை மறுப்பது தப்பு என்று நினைத்து மூச்சு முட்ட மூன்றில் இரண்டு பங்கு தின்றேன். எடுத்ததற்கு மட்டும் காசு, மீதித் தட்டு அடுத்த மேசைக்குப் போகும் என்பது பிறகுதான் தெரிந்தது. எழுந்து வரும்போது மேசையில் கொஞ்சம் சில்லறையை வைத்துவிட்டு வந்தேன். பரிமாறியவர் தெரு முனைவரை ஓடிவந்து, “அம்மா, காச மறந்துட்டுப் போறீங்க” என்று கையில் திணித்துவிட்டுப் போனார். இது உங்களுக்குத்தான் என்று சொல்லத் துணிவில்லை.

வீட்டில் இதைச் சொன்னதும் சந்திரா விழுந்து விழுந்து சிரித்தாள். “மேசையில வச்சா மறதி. கையில குடுத்து, ‘சந்தோசம்’னு சொல்லணும். டிப்ஸுக்கு இங்க அதான் பேரு.”

எனக்கு அந்தப் பெயர் பிடித்துப்போனது. எங்கள் ஊரில் அதே காசுக்கு ‘டீ செலவு’ என்று பெயர். 

மறுநாள் சந்திராவும் நானும் தேயிலைத் தோட்டங்களைப் பார்க்க பஸ்ஸில் போனோம். முன் இருக்கை காலியாக இருந்ததும் பாய்ந்து உட்கார்ந்தேன். பஸ்ஸே என்னைப் பார்த்துப் புன்னகைத்தது. சந்திரா குனிந்து காதில் சொன்னாள்: “அது புத்த பிக்குமார் சீட்டு. அதுல ஒக்கார மொட்ட போடணும், வர்றியா?” மிச்ச வழியெல்லாம் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு மலைகளைப் பார்த்தேன். தேயிலையைப் பச்சைக் கம்பளம் என்று எழுதுவதில்லை என்று கிளம்பும்போதே முடிவு செய்திருந்தேன். பார்த்தால் அது கம்பளம் மாதிரியே இல்லை. இப்போதுதான் தலை வாரிவிடப்பட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசை வரிசையாக நிற்பது மாதிரி இருந்தது. வகிடுகளுக்குள் பெண்கள் நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

அந்தப் பஸ்ஸில்தான் சந்திரா வீட்டுப் பிரச்சினையைச் சொன்னாள்.

முத்தையா அண்ணனின் ஒரே மகன் தினேஷ், வேன் ஓட்டுகிறவன். அவன் கட்டினால் நிரோஷாவைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறான். நிரோஷா பதுளை ஆஸ்பத்திரியில் நர்ஸ். அம்மா பாக்கியத்தோடு நமுனுகுலத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், வளர்ந்தவள். அப்பாவுக்குக் கொழும்பில் கடை வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வீடு. போன மாதம் பெண் பார்க்கப் போனார்கள். பாக்கியம் கேசரி, முறுக்கு, தேத்தண்ணி எல்லாம் எடுத்து வைத்திருக்கிறாள். முத்தையா அண்ணன் எதையும் தொடவில்லை.

“தேத்தண்ணிகூடவா?”

“தண்ணிகூட இல்ல. பேச்சு முடியாம பொண்ணு வீட்டுல கை நனைக்கிறதில்லன்னு சொல்லிட்டாரு. அதுவும் மொறதான். கை நனைச்சா சம்பந்தம் முடிஞ்சதுன்னு அர்த்தம்.”

அந்த முறை எங்கள் திருச்சிப் பக்கமும் உண்டு. கடல் தாண்டியும் அப்படியே இருக்கிறது.

“சொல்லி அனுப்புறோம்னு எந்திரிச்சு வந்தவரு, இன்னும் சொல்லி அனுப்பல. பாக்கியம் எல்லயில ஒரு ஹோட்டல்ல வேல பாக்குது. அது அண்ணனுக்குக் குத்துது. வெள்ளக்காரன் தட்டு எடுக்குறவ வீட்டுலயா சம்பந்தம்னாரு. நீ மட்டும் என்ன, பருப்பு நிறுத்துப் போடுறவன்தானேன்னு கேட்டேன். ரெண்டு நாள் என்கூடப் பேசல.”

சந்திராவே தொடர்ந்தாள்: “இந்த வாரத்துக்குள்ள அவரு ஒரு முடிவு சொல்லணும். கொழும்புல வேல பாக்குற ஒரு பையன் வீட்டுலயும் நிரோஷாவக் கேட்டிருக்காங்க. பாக்கியம் எவ்வளவு நாளுதான் வாசலப் பாத்துக்கிட்டிருக்கும்?”

மூன்றாம் நாள் எனக்கு ஊர் காட்டுவதாக ஏற்பாடு. தினேஷின் வேன். முன்னால் முத்தையா அண்ணன், பின்னால் நாங்கள் இருவர். நாள் முழுக்கத் தூறல். பார்க்க வேண்டிய இடம் எதுவாயினும் மேகம் எங்களுக்கு முன்பே போய் அதன் மேல் உட்கார்ந்திருந்தது. “அந்தப் பக்கம் பெரிய பள்ளத்தாக்கு” என்று அண்ணன் வெள்ளையாக ஒன்றைக் காட்டுவார். நான் “அடடா” என்பேன். எல்லவுக்குள் நுழையும்போது எல்லோருக்கும் நல்ல பசி. சரியாக அப்போது தினேஷ் வேனை ஓரம் கட்டினான்.

“ரேடியேட்டர் சூடாயிருச்சு, அப்பா. ஆற விடணும். கொஞ்ச நேரம் ஆகும்.”

இறங்கி முன்மூடியைத் திறந்தான். நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு இழை ஆவிகூட இல்லை. அந்தக் குளிரில் வேனும் எங்களைப்போலவே நடுங்கிக்கொண்டிருந்தது. தினேஷ் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்த கெஞ்சலுக்கு நான் இரண்டு கவிதைத் தொகுதிகளை எழுதிக் கொடுத்திருப்பேன். “ஆமா, ரொம்ப சூடு” என்றேன்.

எதிரிலேயே ஒரு ஹோட்டல். வாசலில் ‘மதிய பஃபே’ என்று பலகை. அண்ணன் பலகையையும் மழையையும் மாறி மாறிப் பார்த்தார். மழை ஜெயித்தது.

உள்ளே போனதும் ஒரு பெண் விரைந்து வந்தாள். என் வயதுதான் இருக்கும். கறுப்புக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, நெஞ்சில் பெயர்ப்பட்டி. “வெல்கம் சார், டேபிள் ஃபார் ஃபோர்?” என்று ஆங்கிலத்தில் தொடங்கியவள் பாதியில் நின்றாள். ஒரு நொடிதான். பிறகு, “வாங்க” என்றாள். எங்களைப் பார்த்தல்ல, பொதுவாக, மேசையைப் பார்த்து.

சந்திரா என் முழங்கையைக் கிள்ளினாள். பெயர்ப்பட்டியைப் படித்தேன். பாக்கியம்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். திரும்பிப் போனால் மழை, போகாவிட்டால் சம்பந்தி. “இங்க நாமளே எடுத்துப் போட்டுக்கிறதுதானே?” என்று சுவரைக் கேட்டார்.

“ஆமாங்க சார். தட்டு அந்தப் பக்கம்” என்றாள் பாக்கியம்.

“அப்ப சரி. நாமளே எடுத்துப் போட்டுக்கிறது, காசு குடுத்துச் சாப்பிடுறது. இதுல ஒண்ணும் இல்ல.” எங்களுக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டு அண்ணன் தட்டோடு வரிசையில் நுழைந்தார்.

மண்சட்டிகள் நீள வரிசையாக நின்றன. சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய் பொரித்துப் புளிப்பும் இனிப்புமாகப் பிரட்டியது, பலாக்காய், கோழி, மிளகாயோடு இடித்த தேங்காய்ச் சம்பல். அன்னாசிப்பழத்தைக் குழம்பு வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் சொன்னால் அடிக்க வருவார்கள். இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன். அண்ணன் யார் உதவியும் வேண்டாம் என்கிற வேகத்தில் எல்லா மூடியையும் தானே திறந்தார். திறந்து திறந்து வைத்த மூடிகளைப் பாக்கியம் பின்னாலேயே வந்து சாத்தினாள். டொக். டொக். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. சாப்பிட்டு முடித்து, டிப்ஸ் எவ்வளவு என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். மனைவி சொன்னாள்: “எல்லாவற்றையும் நாமேதானே போய் எடுத்துக்கொண்டோம்? வழக்கமாகக் கொடுப்பதில் பாதி போதும்.” கணவன்: “அழுக்குத் தட்டை எடுத்தது யார்? நீயா?” மனைவி: “நான் எத்தனை முறை எழுந்து போனேன், எனக்கு யார் டிப்ஸ் கொடுப்பார்?” அவன் யோசித்துவிட்டு, அவள் தட்டின் ஓரத்தில் ஒரு திராட்சைப் பழத்தை வைத்தான்.

பாதி போதும் என்பதுதான் என் கணக்கும். ஹோட்டலில் பில் தொகையில் பத்தில் ஒரு பங்கு, பஃபே என்றால் அதில் பாதி. அன்றைக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து பாக்கியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தக் கணக்கு ஆட்டம் கண்டது. அவள் சோறு போடவில்லை, அவ்வளவுதான். தீர்ந்த சட்டியை எடுத்தாள், சுடு சட்டியைக் கொண்டுவந்தாள், விழுந்த கரண்டிக்கு வேறு கரண்டி, சிந்திய தண்ணீருக்குத் துணி, ‘இது காரமா’ என்று ஒவ்வொருவரும் கேட்பதற்கு ஒவ்வொரு முகத்துக்கும் ஏற்ற பதில். உட்கார்ந்தவர்கள் எழுந்து திரும்புவதற்குள் தட்டு மறைந்து மேசை புதிதாகியிருந்தது. எங்கள் மேசைக்கு வரும்போது மட்டும் கைகள் கொஞ்சம் மெதுவாகின.

சம்பலில் அண்ணன் கை வைத்துவிட்டார். பெருமைக்காக ஒரு பெரிய கவளம். கண் சிவந்தது, விக்கல் எடுத்தது. பாக்கியம் எங்கிருந்தோ வந்து தண்ணீரை நீட்டினாள். ஒரே மூச்சில் குடித்தார்.

“அன்னைக்குத் தண்ணிகூட வேணாம்னீங்க, சார்” என்றாள் சிரிக்காமல்.

“அது வேற, இது வேற” என்றார் விக்கலுக்கு நடுவே. “இது ஹோட்டல் தண்ணி.”

“எல்லாம் ஒரே மலைத் தண்ணிதாங்க” என்று சொல்லிவிட்டுக் காலிக் குவளையோடு போய்விட்டாள்.

சாப்பாடு முடிந்தது. பில் கேட்டாயிற்று. அண்ணன் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து, பில்லுக்கானதைத் தனியாக வைத்துவிட்டு, ஒரு நோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“பில்லுலயே சர்வீஸ் சார்ஜ் போட்டுருவாங்கதானே?” என்றார் தங்கையிடம்.

“அது ஹோட்டலுக்கு. கையில குடுக்குறதுதான் அவங்களுக்கு” என்றாள் சந்திரா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். “நல்லா யோசிச்சுக்க அண்ணே. குடுத்துட்டு எந்திரிச்சா நீ அந்நியன். ஹோட்டலுக்கு வந்த, தின்ன, கூலி குடுத்த, போய்ட்ட. பாக்கியத்துக்கு அதுதான் பதில், வேற பதில் தேவையில்ல. குடுக்காம எந்திரிச்சா நீ கஞ்சன். நமுனுகுல பூராவும் பேரு நாறிடும்.”

தினேஷ் காலித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கல்யாணம் அப்பாவின் விரல் நடுவே மடிந்துகிடந்தது.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். “தங்கச்சி, ஒங்க ஊர்ல இந்த மாதிரி பஃபேல எவ்வளவு வைப்பீங்க?”

எனக்குத் தெரியும் அந்தக் கேள்விக்குப் பதில். வாய்வரை வந்துவிட்டது. மேசைக்கடியில் சந்திராவின் செருப்பு என் காலை மிதித்தது. எந்த எண்ணைச் சொன்னாலும் ஒரு கல்யாணம் நிற்கும்.

“சொந்தக்காரங்க வேலை பாக்குற பஃபேக்கு நான் போனதில்லண்ணே” என்றேன்.

“சொந்தக்காரங்கன்னு யாரு சொன்னது?”

“யாரும் சொல்லல. அதான் எவ்வளவுன்னு தெரியல.”

பாக்கியம் வந்தாள். ஒரு கையில் பில், இன்னொரு கையில் சின்னத் தட்டில் ஒரு கண்ணாடி டம்ளர். பால் இல்லாத சிவப்புத் தேத்தண்ணி, இஞ்சி வாசம். இரண்டையும் அண்ணனுக்கு முன்னால் வைத்தாள்.

“இது பில்லுல இல்லங்க. பஃபேக்குத் தேத்தண்ணி கெடையாது. வீட்டுலருந்து நான் கொண்டு வர்ற தூள்ல போட்டது. அன்னைக்கு நீங்க குடிக்காம வச்சுட்டுப் போனீங்களே, அதே தூள்.” கொஞ்சம் நிறுத்தினாள். “வேணாம்னா சொல்லுங்க, எடுத்துட்டுப் போயிர்றேன். தட்டு எடுக்குறதுதானே என் வேல.”

சந்திரா கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணன் சொன்ன சொல் மலையேறிப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

கல்லாப் பக்கமிருந்து மேனேஜர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். பாக்கியம் திரும்பாமலே பதில் சொன்னாள். ‘அந்தத் தேநீர் யார் கணக்கு?’ என்று கேட்டாராம். ‘என் வீட்டுக் கணக்கு’ என்றாளாம். சந்திரா கண்ணைத் திறக்காமலே எனக்கு மொழிபெயர்த்தாள்.

அண்ணன் டம்ளரைப் பார்த்தார். ஆவி ஏறி அவர் கண்ணாடி வெளுத்தது. பாக்கியம் நின்ற இடத்திலேயே நின்றாள். பின்னால் யாரோ தண்ணீர் கேட்டார்கள், அவள் போகவில்லை. அந்த மதியம் முழுக்க அவள் அழைத்த மேசைக்குப் போகாமலிருந்தது அந்த ஒரு தரம்தான்.

அண்ணன் டம்ளரை எடுத்தார். ஊதினார். குடித்தார். வாய்க்குள் வைத்து, கடையில் புதுச் சரக்கை ருசி பார்க்கிற மாதிரி முகத்தைச் சுளித்தார்.

“சீனி பத்தல” என்றார்.

தினேஷ் தலையைத் தூக்கினான். சந்திராவின் கை என் மணிக்கட்டை இறுக்கியது. காசு கொடுத்துச் சாப்பிட வந்தவர் அப்படிச் சொல்லும் குரல் அல்ல அது. மாப்பிள்ளைக்கு அப்பா குறை சொல்கிற குரல்.

“ஒங்களுக்குச் சீனி வியாதின்னு டீச்சர் சொன்னாங்க. அதான் கொறைச்சுப் போட்டேன்” என்றாள் பாக்கியம்.

“டீச்சர் ஆயிரம் சொல்லுவா. ஞாயித்துக்கெழம ஒங்களுக்கு வேலையா, லீவா?”

“லீவு போடுறேண்ணே.”

“ஒங்க வீட்டுக்காரருக்கும் போன் போட்டுக் கொழும்புலருந்து வரச் சொல்லுங்க. அன்னைக்காவது சீனி ஒழுங்காப் போடுங்க.” கையிலிருந்த நோட்டை மறுபடியும் சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார். 

வெளியே வேன் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலேயே கிளம்பத் தயாராக நின்றது. நான் மட்டும் கை கழுவுகிற சாக்கில் பின்தங்கினேன். எனக்கு ஒரு உறுத்தல். சம்பந்தம் முடிந்தது சரி. ஒரு முழு மேசைக்கு உழைத்தவள் எங்களிடமிருந்து சல்லிக்காசில்லாமல் நிற்கிறாள். பதுளையில் கற்ற பாடத்தை மறக்காமல், ஒரு நோட்டைக் கையில் மடித்து வைத்து, “சந்தோசம்” என்று நீட்டினேன்.

பாக்கியம் சிரித்தாள். வெள்ளைக்காரத் தம்பதி வைத்துவிட்டுப் போனதை எடுத்துக் காட்டினாள். “அவங்க குடுத்தா வாங்கிக்குவேன்க்கா. அது என் வேலைக்கு. வெக்கமே இல்ல. ஒங்ககிட்ட வாங்கிட்டா ஞாயித்துக்கெழம ஒங்க பக்கத்துல எப்படி ஒக்கார்றது?”

ஞாயிறு விடிந்ததும் நமுனுகுலவுக்கு ஏறினோம். அன்றே மாலை நான் ஊருக்குக் கிளம்பியாக வேண்டும். லயத்து வாசலில் பாய்கள் விரித்து, வாழை இலை போட்டு, எங்களை வரிசையாக உட்கார வைத்தார்கள். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்திறங்கிய பாக்கியத்தின் கணவர் எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டுத் தண்ணீர்ச் செம்போடு நின்றார். பாக்கியம் சேலையில் இருந்தாள். நாட்டுக்கோழி, கருவாடு, தேங்காய் போட்ட ரொட்டி. முத்தையா அண்ணன் பழக்க தோஷத்தில் சம்பல் சட்டிக்குக் கை நீட்டினார். பாக்கியம் அகப்பையால் அவர் கையைத் தட்டிவிட்டாள். “கைய எடுங்க சம்மந்தி. சம்பல் ஒங்களுக்கு ஒத்துக்காதுன்னு எல்ல ஊருக்கே தெரியும்.”

பிறகு வந்த தேத்தண்ணியில் டம்ளரின் கால்வாசி சீனி. அண்ணன் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு முழுவதையும் குடித்து முடித்தார். அன்றைக்கு மட்டும் சந்திரா தடுக்கவில்லை. நிரோஷா, நர்ஸ் என்கிற முறையில், கதவோரம் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மேகம் விலகியிருந்தது. எல்லவுக்குப் போன அன்று அண்ணன் எனக்குக் காட்டிய வெள்ளைகள் எல்லாம் மலைகளாகவும் பள்ளத்தாக்குகளாகவும் திறந்துகிடந்தன. கிளம்புகிற அன்றைக்குத்தான் எந்த ஊரும் எனக்கு முகம் காட்டும்.

வேனில் ஏறுமுன் இரண்டு வெற்றிலைக்கு நடுவே, எல்லவில் பாக்கியம் வாங்க மறுத்த அதே நோட்டை வைத்து நிரோஷாவின் கையில் கொடுத்தேன். பாக்கியம் பார்த்துவிட்டாள்.

“அக்கா, இது அன்னைக்குக் குடுத்த டிப்ஸுதானே?”

“இல்ல. மொய்.”

“மொய்யா? மொய்னா திருப்பிச் செய்யணுமே. நாங்க திருச்சிக்கு வரணுமே.”

“வாங்க. குடும்பத்தோட வாங்க.”

தினேஷ் வேனைக் கிளப்பினான். பாக்கியம் ஜன்னல் கம்பியை விடாமல் கூடவே நடந்து வந்தாள்.

“வர்றோம். ஆனா நீங்கதான் பரிமாறணும், சொல்லிட்டேன். அங்க வந்து நாங்களா எடுத்துப் போட்டுக்க மாட்டோம்!”